அக்கா சொல்லிக்கொடுத்த வேலை

நூல் அறுந்தால் சத்தம் கேட்காது. நூற்பாலையில் ஃப்ரேம் என்கிற ஒரே நூற்பு எந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றும் இரைச்சலில், ஒற்றை இழை போனது காதுக்குத் தெரிய வழியே இல்லை. கண்தான் பிடிக்க வேண்டும். வரிசையில் ஒரு கதிருக்கு மேலே மட்டும் இழை இருக்காது. உருளையிலிருந்து இறங்கும் பஞ்சு நூலாக முறுக்கேறாமல் உறிஞ்சுகுழாய்க்குள் வீணாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஃப்ரேமைக் கவனித்துக்கொள்ளும் சைடர் அங்கே நின்று முழங்காலால் பிரேக்கை அழுத்த, கதிர் நிற்கும். காப்பில், அதாவது கதிரில் மாட்டிய குழலில், சுற்றியிருக்கும் நூலின் முனையைத் தேடிப்பிடித்து ஒரு முழம் உருவ வேண்டும். வளையத்தின் விளிம்பில் ஓடுகிற டிராவலர் நகக்கண் அளவுகூட இருக்காது; நூலை அதில் மாட்டி, மேலே உள்ள கம்பிச் சுருளில் நுழைத்து, முன் உருளையின் வாயருகே கொண்டுபோய், இறங்கும் பஞ்சோடு விரல்நுனியால் ஒரு தொடு. முழங்காலை எடுப்பதும் விரல் தொடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனால் ஒட்டு தடித்துவிடும், அல்லது மறுபடி அறுந்துவிடும். தடித்த ஒட்டு எங்கோ ஓர் ஊரில் யாரோ போடும் சட்டைத் துணியில் புள்ளியாகத் தெரியும்.

தேர்ந்த கைக்கு இது சில நொடி வேலை. முதல் நாள் எனக்கு ஒரு நூலைச் சேர்க்க நாலு நிமிஷம் ஆனது. சேர்த்த மாத்திரத்தில் அறுந்தது.

பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை அது. இருபது வருஷம் ஆகப்போகிறது. மம்சாபுரத்திலிருந்து விடியுமுன் புறப்படும் மில் வண்டியில், மேற்கே மலை இன்னும் இருட்டாக நிற்கும்போதே டிபன் டப்பாவோடு ஏறிக்கொள்வோம். எந்த மில் என்பது இங்கே தேவையில்லை. இனி சொல்வது அந்த வட்டாரத்தில் அப்போது பெரும்பாலும் நடந்ததுதான். கையில் கொடுத்த தாளில் ‘பயிற்சியாளர்’ என்று போட்டிருந்தது. முதல் நாள் ஓர் அறையில் உட்காரவைத்து, தொப்பி, ஏப்ரன், மாஸ்க் கொடுத்து, பின்னலை உள்ளே சுருட்டிக் கட்டச் சொல்லி, அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு ஃப்ரேம் சந்துக்குள் கூட்டிப்போய் ஓர் அக்காவின் பக்கத்தில் நிறுத்தி, “பாத்துக் கத்துக்க” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார். அந்தத் தாளில் எழுதியிருந்த பயிற்சி அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் என் பக்கத்து உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டது. லேப்பிங் என்பார்கள். அதைக் கொக்கியால் இழுத்து எடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேஸ்திரி பார்ப்பதற்குள் எடுத்துவிடும் அவசரத்தில் விரலை விட்டேன். வலது ஆள்காட்டி விரலின் நகம் பெயர்ந்து வந்தது. ரத்தம் நூலில் பட்டால் அந்தக் காப் முழுக்க வேஸ்ட். அந்த வலியிலும் முதலில் நினைத்தது அதைத்தான்.

அக்கா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார். “விரல விடாத புள்ள, கொக்கிய விடு. கொக்கிக்கு வலிக்காது.”

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் எனக்காக ஒதுக்கினார். ஓடுகிற ஃப்ரேமில் சொல்லிக்கொடுத்தால் எனக்கு விளங்காது என்று, பழைய காப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நூல்முனை தேடுவதை மட்டும் இரண்டு நாள் செய்யச் சொன்னார். அப்புறம் டிராவலர் மாட்டுவது மட்டும். அப்புறம் தொடுவது மட்டும். மூன்றையும் சேர்த்து ஓடுகிற கதிரில் செய்தபோது, முதல் தடவையே பிடித்தது. அவர் எனக்குக் காட்டிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவருடைய சைடில் நூல்கள் அறுந்துகொண்டிருந்தன. திட்டு விழுந்தது எனக்கு இல்லை, அவருக்கு.

இந்தக் கட்டுரை அந்தத் திட்டைப் பற்றியது.

தொழிற்சாலைகளில் வேலைபார்க்கிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று இன்று சொல்லாதவர் இல்லை. அமைச்சர் சொல்கிறார், மில் முதலாளி சொல்கிறார், தொழிற்சங்கமும் சொல்கிறது. ஆனால் ஃப்ரேம் சந்துக்குள் நின்று உண்மையில் சொல்லிக்கொடுப்பவர் யார், அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி உண்டா, கற்றுக்கொண்டவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் இப்போது இதைக் கேட்டே ஆக வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நூற்பாலை ஊர்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிற பேரூர் மம்சாபுரம். தோப்பும் வயலும் ஒரு பக்கம், மில் வண்டி ஒரு பக்கம். ஒரே வீட்டில் அப்பா காட்டுக்கும் மகள் மில்லுக்கும் போவது இங்கே சாதாரணம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களின் கடிகாரம் ஷிப்ட் சங்கை வைத்தே ஓடியிருக்கிறது. டே ஷிப்ட், ஆஃப் நைட், ஃபுல் நைட். கல்யாண முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் பெண்ணுக்கு அந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்கிற ஊர்.

இந்த வட்டாரம் மெல்லிய நூலுக்குப் பேர்போனது. நூலின் நம்பர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பவுண்டு பஞ்சில் 840 கெஜம் கொண்ட எத்தனை சிட்டம் நூல் வருகிறதோ அதுதான் நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சில், 84,000 கெஜம். ஏறக்குறைய 77 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை மதுரையைத் தொடும். அவ்வளவு மெல்லிய இழையை அறாமல் ஓட்டுவதும், அறுந்ததைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவதும் எந்திரத்தின் விலையால் மட்டும் வந்துவிடுவதில்லை. ஒரே கம்பெனி ஃப்ரேம், ஒரே பஞ்சு, ஒரே ஈரப்பதம் இருந்தும் இரண்டு சைடர்களின் வேஸ்ட் இரண்டு விதமாக இருக்கும். மில்லில் வேலைபார்த்த யாருக்கும் இது தெரியும்.

கற்றுக்கொடுப்பதில் இந்த ஊர் பின்தங்கியதும் இல்லை. ராமசாமி ராஜா பெயரிலேயே 1963-ல் பாலிடெக்னிக் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. டிப்ளமோ படித்தவர், இன்ஜினீயரிங் படித்தவர் யாருக்கும் பஞ்சமில்லை. ஆனால் இவையெல்லாம் கேட்டுக்கு வெளியே இருக்கிற படிப்பு. கேட்டுக்கு உள்ளே போன பிறகு என்ன படிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போனால் தறிச் சத்தம். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கேதான் நெய்யப்படுகின்றன. அங்கே தறி ஓட்டக் கற்பது வீட்டுக்குள் நடக்கிறது. அம்மா தறியில் நிற்க, பிள்ளை தார் சுற்றிக் கொடுத்துப் பழகும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அப்படித்தான். பால் எப்போது இறுகுகிறது, தீயை எப்போது தணிக்க வேண்டும் என்பதை மாஸ்டர் கரண்டி பிடித்திருக்கும் கையைப் பார்த்தே அடுத்தவர் கற்கிறார். இவற்றில் குறை உண்டு, அடியும் உண்டு, குழந்தைத் தொழிலாளர் என்கிற கொடுமையும் பழைய நாளில் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் தெளிவு இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டரின் மதிப்பே அதில்தான் இருந்தது. நூற்பாலைக்குள் அந்த மதிப்பு காணாமல் போய்விட்டது.

நாலு படி

அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவில் ஆண்கள் போருக்குப் போய்விட, அதுவரை தொழிற்சாலைப் பக்கமே வராதவர்களை, அவர்களில் ஏராளமான பெண்களை, சில வாரங்களில் வேலைக்குத் தயார்செய்ய வேண்டியிருந்தது. அதற்காக மேஸ்திரிகளுக்கே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ‘தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி’ என்று பொருள்படும் டி.டபிள்யூ.ஐ. என்று பெயர். அதன் சாரம் நாலு படி. கற்பவரைப் பயம் தெளியவைத்துத் தயார்செய். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்துகாட்டு, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல். அவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே விளக்கச் சொல். பிறகு தனியே விட்டுவிட்டு அவ்வப்போது போய்ப் பார். கற்றுக்கொள்ளவில்லை என்றால் குற்றம் கற்பவர் மேல் இல்லை, கற்றுக்கொடுத்தவர் மேல் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை நியாயம்.

போருக்குப் பிறகு ஜப்பான் இதைப் பிடித்துக்கொண்டது. டொயோட்டா தன் தொழிற்சாலைகளில் வேர்விட வைத்தது. இந்தியாவுக்கும் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு இங்கே வந்து வேலைபார்த்த துறைகளில் பஞ்சாலையும் ஒன்று. 1956-ல் கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற தென்னிந்திய பஞ்சாலை ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கியது. நூல் தரம், எந்திரப் பராமரிப்பு ஆராய்ச்சியோடு தொழிலாளர், மேஸ்திரி பயிற்சியையும் அது பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. முனை தேடுவது தனி, மாட்டுவது தனி, ஒட்டுவது தனி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் வைத்துப் பழக்கி, கடைசியில் சேர்ப்பதுதான் நூற்பாலைப் பயிற்சியின் அறிவியல். ஆக, நல்லமுறையில் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பது நம் மாநிலத்திலேயே எழுபது வருஷமாகத் தெரிந்த விஷயம். அக்கா எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் தானாகவே கண்டுபிடித்த முறையும் இதுவேதான்.

முறை தெரிந்திருந்தும் ஏன் செய்யவில்லை? ஃப்ரேம் நிற்கக் கூடாது என்பதால். பயிற்சிக்கென்று தனியாக ஒரு சின்ன ஃப்ரேமை ஒதுக்கி, உற்பத்திக் கணக்கிலிருந்து அதை விலக்கி, அங்கே ஒருவரைச் சொல்லிக்கொடுப்பதற்கு என்றே சம்பளம் கொடுத்து நிறுத்துகிற மில்கள் உண்டு. அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் ஃப்ரேமுக்கு இழுக்கப்படுவது அந்தப் பயிற்சி மையத்துப் பிள்ளைகள்தான். கற்க வேண்டிய நாற்பது நாள் நாலு நாளாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒட்டுவது மட்டும் வேலை இல்லை. புதிதாக வந்தவர் எங்கே நூல் அறுந்தாலும் அங்கே ஓடுவார். ஷிப்ட் பாதியில் கால் ஓய்ந்துவிடும். அனுபவசாலி ஓடமாட்டார். ஒரே பாதையில் ரவுண்டு வந்துகொண்டே, வழியில் சேர்ந்த பஞ்சைத் துடைத்து, பஞ்சுத் திரி தீரப்போகிற ரோவிங் பாபினை முன்கூட்டியே மாற்றி, ஒரே கதிர் திரும்பத் திரும்ப அறுந்தால் அது நூலின் கோளாறு இல்லை, டிராவலர் தேய்ந்திருக்கிறது என்று ஃபிட்டரைக் கூப்பிடுவார். இந்த அறிவை எந்தப் பயிற்சித் தாளும் தராது. பக்கத்தில் நடந்து வந்தால்தான் வரும். கூட நடந்து வர ஒரு அக்காவுக்கு நேரம் இருந்தால்தான் வரும்.

பெயர் மட்டும் பயிற்சி

தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் ‘பயிற்சி’ என்கிற நல்ல சொல் கெட்டுப்போன கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூற்பாலைகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஆண்களின் இடம். பெண்களை இரவு ஷிப்டில் வைக்கக் கூடாது என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், பாதுகாப்பு நிபந்தனைகளோடு, அந்தத் தடையை நீக்கியது. சமத்துவத்துக்காக வந்த தீர்ப்பு. ஆனால் அதையொட்டிய வருஷங்களில் மில் வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள் இல்லை. ‘பயிற்சியாளர்’ பட்டம் ஒட்டிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

சுமங்கலித் திட்டம் என்றும், திருமண உதவித் திட்டம் என்றும் பல பெயர்களில் அது ஊர் ஊராகப் போனது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை. முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில், கல்யாணச் செலவுக்கு. இடையில் உடம்பு முடியாமல் போனாலும் வீட்டுக்குத் திரும்பினாலும் அந்தத் தொகை போச்சு. 2011-லும் 2014-லும் ஐரோப்பிய ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளால் வெளிநாட்டு பிராண்டுகள் வரை இது பேசப்பட்டது. அதற்கு ரொம்ப முன்பே நம் ஊர்ப் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கத்திக்கொண்டிருந்தன.

பயிற்சி என்ற பெயர் ஏன் தேவைப்பட்டது? தமிழ்நாட்டில் 1981-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, 24 மாதத்துக்குள் 480 நாள் வேலைபார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மில் தொழிலாளிக்கு 480 என்பது வெறும் எண் இல்லை, வாழ்க்கை மாறும் நாள். கற்றுக்கொள்கிறவர் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கணக்கே தொடங்காது, கூலியும் குறைவு. நூல் ஒட்டுவதை ஓரிரு மாதத்தில் கற்றுவிட்ட ஒரு பெண் மூன்று வருஷம் பயிற்சியிலேயே இருந்தாள் என்றால், மீதி நாளெல்லாம் அவள் கற்றது என்ன? அவளிடமிருந்து எடுத்தது என்ன?

இத்தனைக்கும் நாட்டில் தொழில்பழகுநர் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலைபார்க்கும் நிறுவனம் தன் ஆட்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில்பழகுநர்களை எடுக்க வேண்டும், ஒப்பந்தம் பதிவாக வேண்டும், உதவித்தொகை கொடுக்க வேண்டும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. 2016-லிருந்து உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஒரு பெண் இன்னொரு மில்லுக்குப் போய் “எனக்கு இந்த வேலை தெரியும்” என்று தாளை நீட்டலாம். அந்தக் கோடையின் முடிவில் எனக்குக் கிடைத்தது மில் பெயர் போட்ட ஒரு கவரும் நகம் போன விரலும்தான்.

“கத்துக்கிட்டு ஓடிருவாங்க”

மில் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் பேசினால் முதலில் வருகிற பதில் இது. “நாம செலவழிச்சுக் கத்துக்கொடுப்போம், அடுத்த மில்லுக்காரன் நூறு ரூபா கூட்டிக்கொடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான்.” இது வெறும் சாக்கு இல்லை, உண்மையான பயம். அதற்கு உண்மையான பதிலும் இருக்கிறது.

பெங்களூரில் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தின் ஐந்து தொழிற்சாலைகளில், தையல் பெண்களில் யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அச்யுத அத்வர்யு உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். தையல் பயிற்சி இல்லை. பேச, நேரத்தைத் திட்டமிட, பிரச்சினையை மேலே சொல்லப் பழக்குகிற பயிற்சி. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் தெளிவாக உயர்ந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டு ஓடவும் இல்லை. பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில் நிறுவனம் போட்ட பணம் போக, இரண்டரை மடங்கு லாபமாகத் திரும்பியது. அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு கூடியது? அரை சதவீதம்.

பயிற்சி வீண்செலவு என்று நினைக்கிற முதலாளிக்கு அந்த ஆய்வு பதில் சொல்கிறது. ஆனால் அந்தக் கடைசி எண்தான் என்னை உறுத்துகிறது. அவள் கற்றதெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. அவள் கணக்கில் ஏறியது அரை சதவீதம். இப்படி இருக்கும்போது, அடுத்த மில் நூறு ரூபாய் கூட்டிக்கொடுத்தால் போகிறவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அகமதாபாத்திலிருந்து இன்னொரு பழைய பாடம். 1953-ல் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. லண்டனிலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் கவனித்தது, ஒரே தறிக்கூடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள், யாரும் யாரோடும் சேர்ந்தில்லை என்பதை. சின்னக் குழுக்களாகப் பிரிந்து, குழுவே தன் தறிகளைப் பொறுப்பேற்கும் யோசனை வந்ததும், தொழிலாளர்கள் தாங்களாகவே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். ஒருவர் வேலையை மற்றவர் கற்றார்கள். உற்பத்தி ஏறியது, சேதமான துணி குறைந்தது. பக்கத்தில் நிற்பவர் நன்றாக வேலை செய்தால் தனக்கும் நல்லது என்ற ஏற்பாடு அது. நம் அக்காவின் நிலைமை நேர் எதிர். எனக்குச் சொல்லிக்கொடுத்ததால் அவருக்கு நஷ்டம்.

மேலே ஏற படி இல்லை

பயிற்சி என்றாலே புதிதாக வந்தவர்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம். பத்து வருஷம் வேலைபார்த்தவர் என்ன கற்கிறார்? சைடராக வந்தவர் சைடராகவே போகிறார். ஃப்ரேமில் எந்தச் சக்கரம் தேய்ந்தால் எந்தக் கதிரில் நூல் அறும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஸ்பேனர் பிடிக்கிற ஃபிட்டர் வேலைக்கும், மேஸ்திரி வேலைக்கும் அவர் பெயர் பரிசீலிக்கப்பட்டு நான் கண்டது அரிது. கோன் வைண்டிங்கில் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆட்டோகோனர் வந்து, காற்றாலேயே இழையை இழையோடு பின்னிவிடும் கருவி வந்ததும், அந்த வேலை போனது. புது எந்திரத்தை ஓட்ட அவர்களில் சிலர் பழக்கப்பட்டார்கள்; பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எந்திரம் வாங்கிய பட்டியலில் அவர்களைப் பழக்குவதற்கும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

இப்போது ஃப்ரேம் சந்துக்குள் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் போர்டு அவர்களுக்குப் புரியாது. “விரலை விடாதே, கொக்கியை விடு” என்பதை ஒடியாவில் யார் சொல்வது? படம் போட்ட அட்டையும் வீடியோவும் வைத்திருக்கிற மில்கள் உண்டு. அதுகூட இல்லாத இடத்தில் கையைக் காட்டிச் சத்தம் போடுவதுதான் பயிற்சி. நகம் போகிற வாய்ப்பு எனக்கு இருந்ததைவிட அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம்.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் புது எந்திரங்களும் புதுப் பாடங்களும் வந்தன. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் முதன்மையாகப் பார்ப்பது, வேலைக்குப் போகப்போகிற மாணவர்களை. முப்பத்தெட்டு வயதில் ஃப்ரேம் சந்தில் நடந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

இதை ஏன் இப்போது கேட்டே ஆக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன் என்று முன்பு சொன்னேன். இதே விருதுநகர் மாவட்டத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட, நாடு முழுக்க ஏழே ஏழு பூங்காக்களில் ஒன்று. ஒரு பூங்காவில் நேரடியாக ஒரு லட்சம் பேருக்கு வேலை என்பது அரசின் கணிப்பு. அதில் பாதி வந்தால்கூட, மம்சாபுரம், சத்திரப்பட்டி, வத்திராயிருப்பு என்று இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனை வண்டி புறப்படும் என்று எண்ணிப் பாருங்கள். நிலமும் தண்ணீரும் மின்சாரமும் சாலையும் பற்றிப் பேச்சு நடக்கிறது. அத்தனை பேருக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப்போகிறவர்கள் பற்றி ஒரு வரி நான் கேட்கவில்லை.

அவர்களை வெளியே தேட வேண்டியதில்லை. இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். இருபது, இருபத்தைந்து வருஷம் ஃப்ரேம் சந்தில் நடந்து, முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்கள். வேலைபார்க்க உடம்பு இடம்கொடுக்காது, சொல்லிக்கொடுக்க இடம்கொடுக்கும். அவர்களுக்குப் பயிற்சியாளர் என்ற பெயரை, இந்தத் தடவை அதன் சரியான பொருளில், சம்பளத்தோடு கொடுத்தால் போதும். உள்ளே வேலைபார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அந்த நாளின் உற்பத்திக் கணக்கைக் குறைத்து, கையில் ஒரு தொகையைக் கூட்டிக் கொடுக்கலாம். நான் கேட்பது பெரிய முதலீடு இல்லை. ஒரு பழைய ஃப்ரேம், நாற்பது நாள், ஒரு அக்கா.

இந்தக் கட்டுரைக்காக அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். நார் ஓடுவதும் விரல் மடங்குவதும் அதே வேகம். என்னைப் பார்த்ததும் வலது கையைத்தான் முதலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகம் கோணலாகத்தான் முளைத்திருந்தது. “அப்பவே சொன்னேன், வேப்பெண்ணெ போடுன்னு.”

மில் கொடுத்த சர்வீஸ் தாளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, சைடர். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீங்க அக்கா என்று கேட்டேன். அது அந்தத் தாளில் இல்லை. அவர் பூவைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். பெயர் சொல்லவில்லை, தெரு சொன்னார். கீழத்தெருவில் நாலு, பள்ளிக்கூடத்துப் பக்கம் மூணு, ஒடிசாக்காரப் பிள்ளைங்க ரெண்டு, சிவகிரிப் பக்கத்துலருந்து வந்து ஹாஸ்டல்ல இருந்த ஒருத்தி, அவ இப்பத் திருப்பூர்ல சூப்பர்வைசர். முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தார். தெருமுனையில் மில் வண்டியின் ஹாரன் கேட்டது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, இறங்குகிற பிள்ளைகளில் புதுசு யார் என்று எட்டிப் பார்த்தார்.